மேல்நிலை ஆசிரியர் கற்கும் செலவு யார் கணக்கில்?

(சேலத்தில் ஆசிரியர்களும் பள்ளி நலம் நாடுவோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று பேசும்படி எனக்குப் பணிக்கப்பட்ட விஷயம், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் முதுகலை ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அந்தப் பயிற்சிக்குரிய பொருளை யார் தருவது, எதற்காகத் தருவது என்பதைப் பற்றியது. கல்வியைக் குறித்த கூட்டங்களில் மாணவரைப் பற்றியும், பாடத்திட்டத்தைப் பற்றியும், பரீட்சையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவது வழக்கமாக இருக்கிறதே ஒழிய, பணத்தைப் பற்றி வாய் திறப்பது அவ்வளவு கௌரவமான காரியமாக நம்மவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆயினும், லாரிக்கு பாடி கட்டுகிறவர்களும், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்களும், ரிக் வண்டியோடு புறப்பட்டு வடதேசமெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வருகிறவர்களும், தறி ஓட்டுகிறவர்களும், மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்கி விற்கிறவர்களும் நிறைந்த இந்தச் சேலம் நாமக்கல் சீமையிலே கணக்குப் பேசுவதற்கு ஒருவன் கூச வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் நான் இந்த விஷயத்தை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். நம் மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு வரையில், பள்ளி இறுதி வகுப்பைத் தேறிய பிள்ளை கல்லூரிக்குப் போய்ப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் படிப்பைப் படித்தது. அந்தப் படிப்பைக் கற்பித்தவர் கல்லூரி விரிவுரையாளர். அவருக்குப் பக்கத்து அறையில் பட்ட வகுப்பு நடந்தது. எதிரே ஆய்வகம் இருந்தது. மாடியில் நூலகம் இருந்தது. 1857-இல் தோன்றிய நமது சேலம் கல்லூரியிலும் அப்படித்தான் நடந்தது. டாக்டர் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன் 1966-இல் அளித்த அறிக்கையின் வழியிலே, பத்தாண்டுப் பள்ளி, இரண்டாண்டு மேல்நிலை, மூன்றாண்டுப் பட்டம் என்னும் அமைப்பு நாடு முழுவதும் பரவியபோது, தமிழ்நாட்டில் அந்த இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்பட்டது. 1978-இல் பதினொன்றாம் வகுப்புகள் தொடங்கின. 1980-இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. கிராமத்துப் பெண்பிள்ளைகளும், தறிக்கார வீட்டுப் பிள்ளைகளும், கல்லூரி இருக்கும் பட்டணத்துக்குப் போகாமல் சொந்த ஊருக்கு அருகிலேயே மேலும் இரண்டு வருஷம் படிக்க வழி பிறந்தது என்பதனால், அது பெரிய உபகாரமே. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால் பாடம் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இடம் பெயர்ந்தபோது, அந்தப் பாடத்தை நடத்துகிறவருக்குக் கல்லூரியில் கிடைத்த சூழ்நிலை அவரோடு கூட வரவில்லை. விரிவுரையாளரைப் பல்கலைக்கழக மானியக் குழு கவனித்துக்கொண்டது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக்கழகங்களில் கல்விப்பணியாளர் கல்லூரிகள் என்ற பெயரில் நிலையங்கள் ஏற்பட்டு, புதிதாக வேலைக்கு வந்த விரிவுரையாளருக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், அனுபவம் பெற்றவருக்குத் தம் பாடத்திலேயே மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் அளிக்கத் தொடங்கின. அவற்றை முடித்தால்தான் பதவி உயர்வு என்ற விதியும் வந்தது. தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் மானியக் குழுவின் கணக்கில் அடங்கின. அதே கொள்கையின் விளைவாகவே, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது. அவ்வையாரைப் பற்றிய ஐதிகம் ஒன்றை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் உத்தமசோழபுரத்தில் நமது மாவட்டத்து நிறுவனம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மேலே கல்லூரி ஆசிரியருக்கு ஒரு வீடு, கீழே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு வீடு. நடுவே பன்னிரண்டாம் வகுப்புக்கு மூலக்கூறு மரபியலும் தொகை நுண்கணிதமும் நடத்துகிற முதுகலை ஆசிரியர் மட்டும் திண்ணையிலே நின்றார்.

இது வெறும் அலங்கார வார்த்தை என்று எண்ணிவிட வேண்டாம்; கணக்கைப் பாருங்கள். 2001-இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கப்பட்டபோது, எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சி, நாளொன்றுக்கு 70 ரூபாய் வீதம் என்று தலைப்பிட்டுத் தொகை ஒதுக்கினார்கள். 70 ரூபாய் அற்பத் தொகைதான். ஆனால் அது ஒரு தலைப்பு; அதற்கு ஒரு வரவு செலவுப் பதிவேடு உண்டு; அதைக் காட்டி ஒருவர் தம் உரிமையைக் கேட்கலாம். 2009-இல் இடைநிலைக் கல்வித் திட்டம் வந்தது. அது முக்கியமாக ஒன்பது, பத்து வகுப்புகளை நோக்கியது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் என்னும் ஏற்பாட்டோடு 2018-இல்தான் பிறந்தது. ஆக, பதினொன்றாம் வகுப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்த நாளிலிருந்து, மத்திய உதவி பெறும் பெரிய திட்டமொன்றின் முழு வட்டத்துக்குள் மேல்நிலை ஆசிரியர் வந்து சேர நாற்பது ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அவ்வப்போது பயிற்சிகள் நடந்தன, பாடநூல் மாறிய காலங்களில் கூட்டங்கள் நடந்தன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருஷந்தோறும் நிச்சயமாக வரும் வருமானத்துக்கும், எப்போதாவது வரும் நன்கொடைக்கும் உள்ள வித்தியாசம் உங்களில் வியாபாரிகளாக உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோத்தாரி கமிஷனின் அறிக்கையிலேயே இதற்கு ஓர் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பணிக்காலத்தில் ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் இரண்டு அல்லது மூன்று மாத காலம் பணியிடைக் கல்வி பெற வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த ஆசிரியருக்கு இந்தக் கணக்கின்படி ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை படிக்கும் காலம் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் முதுகலை ஆசிரியர்கள் தத்தம் மனத்துக்குள் தங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்று பேசுகிறது. அந்தக் கொள்கையை நம் மாநிலம் ஏற்கவில்லை என்பது வேறு விவகாரம். நடைமுறையிலே, பயிற்சி என்று கணக்கில் வரும் நேரத்தில் பெரும்பகுதி கைப்பேசித் திரையில் காணொளியை ஓடவிட்டு, முடிவில் நான்கு வினாவுக்கு விடை தட்டி, சான்றிதழைப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் நேரமாக முடிந்துவிடுகிறது. அதனால் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பியூரெட்டைப் பிடித்துப் பார்க்காமலேயே ஒருவர் தரம்பார்த்தலைக் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது நம்பினால், அவருடைய நம்பிக்கையை நான் கலைக்கவும் மாட்டேன்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் மேற்பார்வையில் உருவான புதிய பாடத்திட்டம் 2018–19-இல் பதினொன்றாம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்தது. தரத்தில் அது பெரிய தாவல். அகில இந்தியப் பாடத்திட்டங்களுக்குச் சளைக்காதது என்று பலரும் பாராட்டியது நியாயமே. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நானோ அறிவியலையும் ரோபோக்களையும் சொல்லும் அண்மைக்கால வளர்ச்சிகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. கணினி அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் முதல் தொகுதியில் ஸ்டார் ஆபீஸ் என்னும் மென்பொருளையும், இரண்டாம் தொகுதியில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் நடத்தி வந்தார், வருஷா வருஷம் அதே பக்கங்கள், அதே ஒரு மதிப்பெண் வினாக்கள், மனப்பாடமாகவே இருந்திருக்கும். 2019 ஜூனில் பள்ளி திறந்தபோது அவர் கையில் இருந்த புத்தகம் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை என்று தொடங்கி, பைத்தான் மொழிக்கும் தரவுத்தளத்துக்கும் போயிற்று. அந்த மொழி அவர் படித்த காலத்தில் பல கல்லூரிகளில் இல்லை.

இந்தச் சீமையிலே ஒரு சிற்றூர்ப் பள்ளி. அங்கே கணினிப் பாடம் நடத்தும் அம்மையாரிடம் ஒரு மாணவி, "மிஸ், ஃபங்ஷனுக்கு உள்ளே எக்ஸுக்கு அஞ்சுன்னு மதிப்புக் கொடுத்தோமுங்க, வெளியே வந்து பிரிண்ட் போட்டா மறுபடியும் பழைய பத்தே வருதுங்க, ஏனுங்க மிஸ்?" என்று கேட்டாள். வரையெல்லை என்னும் பாடத்தின் சாரமே அந்தக் கேள்விதான். உள்ளே பிறந்த பெயர் உள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே இருக்கும் அதே பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளங்கிக்கொள்வதற்கு ஒரு சந்தர்ப்பம் தானே வந்து வாசலில் நின்றது. அந்த அம்மையார் சற்று நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "புத்தகத்திலே அப்படித்தான் இருக்கு கண்ணு, எழுதிக்கோ" என்றார். அவர் சிரத்தையில்லாதவர் அல்லர். இரவு பத்து மணிக்குமேல் கணவருடைய மடிக்கணினியில் தாமாகவே அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்தவர். கற்றுக்கொண்டதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகுமுன், தமக்குச் சமமான ஒருவரிடம் தவறாகச் சொல்லிப் பார்த்து, திருத்திக்கொள்ள அவருக்கு இடமும் இல்லை, துணையும் இல்லை. அடுத்த கணினி ஆசிரியர் பதினாறு மைலுக்கு அப்பால் இருந்தார்.

பாடத்தை மாற்றுவதற்கு அச்சுக்கூலி கொடுத்தோம், ஓவியர்களுக்குக் கொடுத்தோம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அமைத்தோம். புத்தகத்தைத் திறந்து நடத்தப் போகிறவருக்குக் கொடுத்த நாட்களை மட்டும் விரல்விட்டு எண்ணினோம்.

நாமக்கல்லைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதற்கு முன்பிருந்தே, நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்து உறைவிட மேல்நிலைப் பள்ளிகளின் பெயர் மாநிலம் முழுதும் பரவியிருந்தது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 1984-இல் வந்து, 2007-இல் சட்டமியற்றி நீக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் வாயிற்படியாயிற்று. இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெற்றோர் டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார்கள். அந்தப் பள்ளிகளைச் சபிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் சபிக்கப் போவதில்லை. கடின உழைப்புக்கு அங்கே குறைவில்லை, எத்தனையோ விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியாக டாக்டராயிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் என்னும் தொழிலுக்கு அந்த முறை செய்ததை மட்டும் கவனிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் நடத்துகிற வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. நடத்தியதையே நடத்தி, எழுதியதையே எழுதவைத்து, ப்ளூ பிரிண்ட் எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்குகிறதென்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய வல்லமையே ஆசிரியரின் வித்தை என்றாயிற்று. அப்படிப்பட்ட வித்தைக்குப் புதிதாகக் கற்கும் அவசியம் எங்கிருந்து வரும்? அதற்கு நிதி கேட்பவர்தான் யார்?

அந்த வழக்கத்தை உடைக்கவே 2017–18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். முதலிடம் இரண்டாமிடம் என்று படம் போட்டு அறிவிப்பதையும் 2017-இல் நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுடைய சுமை குறைந்தது, நல்லது. ஆனால் பரீட்சையின் பயத்தால் நடந்துகொண்டிருந்த பாடம், இனி ஆசிரியருடைய ஆர்வத்தால் நடந்தாக வேண்டும். ஆர்வமோ, தீனி போடாமல் வளர்கிற பொருளன்று.

சரி, முதுகலை ஆசிரியர் தம் பாடத்தைச் சார்ந்த இன்னோர் ஆசிரியரை எங்கேதான் சந்திக்கிறார்? நான் அறிந்த வரையில், ஆண்டுக்கொரு முறை, விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் சந்திக்கிறார். ஏப்ரல் வெயிலிலே, ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறையில், முதன்மைத் தேர்வாளர் ஒருவரும், கூர்ந்தாய்வாளர் ஒருவரும், உதவித் தேர்வாளர்கள் சிலரும் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாணவன் வேதியியல் கணக்கொன்றை விடைக்குறிப்பில் இல்லாத வழியிலே போட்டுச் சரியான விடைக்கு வந்திருக்கிறான். மதிப்பெண் உண்டா, இல்லையா? ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியர், "கொடுக்க வேண்டுமுங்க சார்" என்கிறார், பரமத்தி வேலூர்க்காரர், "இந்த வழி எல்லாச் சந்தர்ப்பத்திலும் பொருந்துமா?" என்று கேட்கிறார், கூர்ந்தாய்வாளர் காகிதத்தின் பின்புறத்தில் போட்டுப் பார்க்கிறார். கால் மணி நேரம் அந்த அறையிலே நடந்தது உண்மையான வேதியியல் விவாதம். சாப்பாட்டு வேளையில், கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஆசிரியர் ஒருவர், பிப்பெட் உடைந்துபோன ஆய்வகத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துச் செய்முறை நடத்தும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு பரிமாற்றத்துக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் ஏற்பாடு செய்யவில்லை. அதற்கான பயணப்படியும் தினப்படியும் பரீட்சைக்காகத் தரப்பட்டவை; கல்வி அங்கே தற்செயலாக நிகழ்ந்தது.

இதைத் திட்டமிட்டே செய்த காலம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1963 முதல், பல்கலைக்கழக மானியக் குழுவும், தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், அமெரிக்க உதவி நிறுவனமும் சேர்ந்து, கோடை விடுமுறையில் விஞ்ஞான ஆசிரியர்களைக் கல்லூரிகளுக்கு அழைத்துப் பல வாரங்கள் தங்கவைத்துக் கோடைப் பயிலரங்குகளை நடத்தின. சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய அதிர்ச்சிக்குப் பிறகு அமெரிக்காவில் வேகம் கொண்ட முறை அது. அங்கே தயாரான புதிய இயற்பியல், உயிரியல், வேதியியல் பாடங்களையே இங்கும் கையாண்டார்கள். அதிலே அந்நிய நாட்டு அரசியல் கலந்திருந்தது என்று குறை சொல்பவர்கள் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளூர்க் கல்லூரியின் ஆய்வகத்தில், உள்ளூர்ப் பேராசிரியரின் பக்கத்தில் நின்று, பள்ளி ஆசிரியர் தாமே பரிசோதனை செய்தார். சர்க்கார் அவருக்குப் படி கொடுத்தது. அந்த ஒரு அம்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலேயே, கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியில் நடத்தும் முறை 1950-களில் ஃபோர்டு அறநிறுவனத்தின் பொருளுதவியோடு பிறந்து, 1955-இல் கல்லூரி வாரியத்தின் கைக்குப் போயிற்று. அந்தப் பாடங்களின் ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கோடைப் பயிலரங்கு, பெரும்பாலும் கல்லூரிகளிலேயே நடக்கிறது. கட்டணத்தைப் பள்ளி மாவட்டமோ, மத்திய மானியமோ, உள்ளூர் அறக்கட்டளையோ செலுத்துகிறது. இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெல்கம் அறக்கட்டளையும், அரசும், தொழில் நிறுவனங்களும் கூடி அமைத்த நிதியிலிருந்து, யார்க் நகரத்து விஞ்ஞானக் கல்வி நிலையத்துக்கு வந்து தங்கிப் படிக்கும் ஆசிரியருக்குக் கட்டணமும் பயணமும் தருவதோடு, அவர் இல்லாத நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்றாசிரியருக்கான செலவையும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை இங்கே இருக்கும் தலைமையாசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், பயிற்சிக்கு ஆசிரியரை அனுப்புவதில் தலைமையாசிரியருக்கு உள்ள உண்மையான தயக்கம் இதுதான். கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கு ஒரே ஒருவர்தான். அவர் பத்து நாள் மாற்றுப்பணியில் போனால், பத்து நாளும் அந்த வகுப்பு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அரையாண்டுத் தேர்வுக்குப் பாடம் முடியாது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே, "சார், இந்த வருஷம் வேண்டாங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாங்க" என்கிறார். அப்படிச் சொல்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிக்கு ஒதுக்கும் தொகையில் மண்டபம் உண்டு, தேநீர் உண்டு, கருத்தாளர் மதிப்பூதியம் உண்டு, கையேடு உண்டு. பின்னே விட்டுவந்த வகுப்புக்கு ஒரு காசும் இல்லை.

நமது மண்ணிலேயே இதற்கு மாறான காட்சி ஒன்றைக் காணலாம். நாமக்கல்லில் 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அங்கிருந்து கோழிப்பண்ணையாளருக்கென்று வானிலை ஆலோசனை வெளியாகிறது. தினசரிகளில் நீங்களே பார்க்கிறீர்கள். வரும் நாட்களில் வெப்பம் இவ்வளவு, காற்று இந்தத் திசை, தீவனத்தில் இன்னதைக் கூட்டுங்கள் என்று, முட்டையிடும் கோழிக்கு ஏற்றபடி ஆராய்ச்சிக்கூடம் பண்ணைவாசல் வரை வந்து சொல்கிறது. பண்ணைக்கும் கல்லூரிக்கும் நடுவே பாதை தேய்ந்து கிடக்கிறது. அதே சாலையிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியர், நோய்த்தடைக்காப்பியல் பாடத்தை நடத்துமுன் அந்தக் கல்லூரி வாயிலுக்குள் காலெடுத்து வைக்க ஒரு வழியும் யாரும் அமைக்கவில்லை.

ஆசிரியர் கற்பதற்கென்று இதற்கு முன் பணமே செலவாகவில்லையா என்று கேட்டால், ஆயிற்று. உயர்தகுதி பெற்ற ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு தரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதைக் கருதி எத்தனையோ பேர் அஞ்சல் வழியில் எம்.எட்., எம்.ஃபில். பட்டங்களைப் பெற்றார்கள். அவர்களில் உண்மையாகவே ஆராய்ச்சி செய்தவர்களுக்கு என் வந்தனம். ஆனால் அந்தப் பட்டத்துக்கும், மறுநாள் காலையில் நடத்த வேண்டிய வகுப்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமென்று விதி எதுவும் கேட்கவில்லை. சம்பளப் பட்டியலில் வருஷா வருஷம் சென்ற அந்தப் பணம் காகிதத்தை வாங்கிற்று. 2020 மார்ச்சில் இந்த ஊக்க ஊதிய உயர்வு முறையை அரசு நிறுத்தியபோது, மிச்சமான தொகையை வேறு வகையான கற்றலுக்குத் திருப்பியிருக்கலாம். அதைப் பற்றி ஆசிரியர் இயக்கங்களும் கேட்கவில்லை, கருவூலமும் நினைக்கவில்லை. உயர்வைத் திருப்பிக் கொடு என்று மட்டுமே கோஷம் எழுந்தது.

மத்திய மானியத்தை நம்பலாமா? 2024–25-இல் நமக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் தரப்படவில்லை என்றும், மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாததே அதற்குக் காரணமென்றும் முறையிட்டு, மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சென்றது. அரசுகளின் வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், இப்படித் தட்டுப்பாடு வரும்போது சம்பளத்தை நிறுத்த முடியாது, கட்டிய கட்டிடத்தை இடிக்க முடியாது; சத்தமில்லாமல் நிறுத்தக்கூடியது பயிற்சி ஒன்றுதான் என்பதே. ஆகையால் ஒரு பகுதியாவது உள்ளூரிலிருந்து வர வேண்டும் என்கிறேன். 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் நிலமும் பணமும் பொருளும் பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தார்கள்; 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் திட்டத்திலும் கொடுக்கிறார்கள். கொடுப்பது பெஞ்சு, சுற்றுச்சுவர், கழிப்பறை, திறன் பலகை. இவையெல்லாம் வேண்டியவையே. ஓர் ஆசிரியர் பதினைந்து நாள் கற்றதன்மேல் கல்வெட்டுப் பதிக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, அதற்குக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் உதிக்கவில்லை.

ஆகவே ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன், தொகைகள் உத்தேசமே. இவ்விரு மாவட்டத்து முதுகலை ஆசிரியர்களில் ஒரு பாடத்துக்கு நாற்பது பேரை அழைப்போம். சேலம் அரசு கலைக் கல்லூரி, நாமக்கல் அறிஞர் அண்ணா கல்லூரி, இராசிபுரம் திருவள்ளுவர் கல்லூரி ஆகியவற்றின் ஆய்வகங்கள் கோடையில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றிலொன்றை மே மாதத்தில் பதினைந்து நாள் திறக்கக் கேட்போம். தங்குவதற்கும் உண்பதற்கும் பரிசோதனைப் பொருள்களுக்கும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், ஆறு லட்சம். விடுமுறையை விட்டுக்கொடுத்த ஆசிரியருக்கு அத்தனை நாளுக்கு ஈடான விடுப்பை அரசு தர வேண்டும். அடுத்து, பள்ளி நடக்கும் காலத்தில் மாதம் இரண்டு நாள் அதே நாற்பது பேரும் சிறு குழுக்களாகக் கூடித் தம் வகுப்பில் நடந்ததைப் பேச வேண்டும். அந்த நாட்களில் வகுப்பைக் காக்க ஆள் வேண்டும். காலியிடங்களில் தற்காலிக முதுகலை ஆசிரியரைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் மாதம் 18,000 ரூபாய்க்கு நியமிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தொகைக்கே நான்கு பேரை நியமித்து, பள்ளி பள்ளியாகச் சுற்றிவரச் செய்தால், பத்து மாதத்துக்கு 7,20,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 13,20,000. இரண்டு வகுப்பறை கட்டுகிற தொகைக்குள் அடங்கும்.

இந்த நாற்பது பேரில் தனியார் பள்ளி ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அரசுப் பயிற்சி எதிலும் சேராதவர்கள் அவர்கள். காலை ஸ்டடி முதல் இரவு ஸ்டடி வரை மேற்பார்வை பார்த்துக் களைத்தவர்கள். அவர்களுடைய பங்குத் தொகையை அவர்கள் நிர்வாகமே கட்டட்டும். கட்டக்கூடிய வசதி பல நிர்வாகங்களுக்கு உண்டு.

நன்கொடை தரக்கூடிய நண்பர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதனால் பாஸ் பர்சன்டேஜ் எவ்வளவு ஏறுமுங்க?" என்று கேட்டார். ஏறாது என்று சொன்னேன். நம் மாவட்டங்களின் தேர்ச்சி விகிதம் ஏற்கெனவே உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இனி ஏறுவதற்கு அங்கே இடம் அதிகமில்லை. "அப்படியானால் எதிலே தெரியும்?" என்றார். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன முதல் வருஷத்தில் எத்தனை பாடங்களில் அரியர் வைக்கிறார்கள் என்பதில் தெரியும். இப்போது அந்தக் கணக்கைப் பள்ளியும் எடுப்பதில்லை, கல்லூரியும் பள்ளிக்குச் சொல்வதில்லை. அதை எடுப்பதற்கு ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 13,20,000-க்குக் கீழே இன்னொரு வரி போட்டு, தொகையை எழுதாமல் என்னைப் பார்த்தார். அந்தத் தொகையை இந்தக் கூட்டம் கலையுமுன் நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசி நிரப்பலாம் என்று எண்ணி, அவரையும் கையோடு அழைத்து வந்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்.